மைனஸ் பத்தில் சிக்கிய கதவு

அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று இருபத்தாறு.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, பத்து பெரண்டாம் என்ற மலாய் நாட்டு ஊரில் இருக்கும் எங்கள் கம்பெனிப் பிள்ளைகள் கேக் வெட்டிய கையோடு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஆன்ட்டி, இத்தனை வருஷத்துல உங்களால மறக்கவே முடியாதது எது?" என்று கேட்டார்கள். ஏதாவது விருது, வெளிநாட்டுப் பயணம் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்கள். நான் மேலே எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னேன்.

"அஞ்சு நம்பர் இருக்கே ஆன்ட்டி, நாலு நம்பர் லாட்டரிக் கடையில எடுக்க மாட்டாங்க லா" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சொல்லத் தொடங்கியதும் எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது, கை தானாகக் காற்றில் படம் போட்டது. கேக் அப்படியே காய்ந்துபோனது. "இதை எழுதி வைங்க ஆன்ட்டி. இப்பல்லாம் கதவுப் பூட்டுக்கு ரெடிமேட் பெட்டி வருது. நாங்க உள்ள என்ன இருக்குன்னு திறந்துகூடப் பார்க்கிறதில்ல" என்றாள் புதிதாகச் சேர்ந்த பெண். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல். அங்கே ஒரு வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் பதினாறு வட்டம் வரைந்தார். "கணினிக்குள்ள பதினாறு விளக்கு இருக்குன்னு வச்சிக்குங்க. எரியலாம், அணையலாம். வேற ஒண்ணும் தெரியாது. இதுல மைனஸ் ஒண்ணை எப்படி எழுதுவீங்க? கோடு போட இடமில்லை" என்றார்.

நான் கை தூக்கி, முதல் விளக்கைக் கழித்தல் குறியாக வைத்துக்கொள்ளலாம் என்றேன். "அப்போ பூஜ்யமும் இருக்கும், மைனஸ் பூஜ்யமும் இருக்கும். ரெண்டு பூஜ்யத்தை வச்சிக்கிட்டு என்னம்மா செய்வே?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்கு வெட்கமாக இல்லை. ரெண்டு பூஜ்யம் என்ற எண்ணமே எனக்குள் ஏதோ ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல இருந்தது. பதினாறு விளக்கும் எரிந்தால் அதுதான் மைனஸ் ஒன்று என்று அவர் பிறகு விளக்கியபோது, பஸ்ஸில் வீடு வரும் வரை விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், நான் ஏதோ மந்திரம் ஜெபிக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

படிப்பு முடிந்து சில வருஷம் மின்னணுத் தொழிற்சாலையில் சில்லுகளைச் சோதிக்கும் வேலை. அதன்பிறகுதான் இந்தக் கம்பெனிக்கு வந்தேன். ஆலைகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்து, அவற்றுக்குள் ஓடும் நிரலையும் எழுதித் தருவது எங்கள் தொழில். என் மேலாளர் மிஸ் தங்கரத்தினம்.

மிஸ்ஸைப் பற்றி நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அவர் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். மிஸ் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான் என்றாலும் பேச்சில் அந்த ஊர் போகவே இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முழுக்கைச் சட்டை, காற்சட்டை, மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டிய கடிகாரம். ஆலைக்குள் நுழைந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். "கண்ணாலை பார்த்து முடிக்க முந்திக் கையாலை தொடக்கூடாது" என்பார். ஒரு மீட்டரை நான் படித்தால் உரக்கச் சொல்ல வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போனால்தான் அது எண். வேலை முடிந்தது என்று நாம் நிமிர்ந்தால் பாராட்ட மாட்டார். ஒரே ஒரு வார்த்தைதான் கேட்பார்:

"பிறகு?"

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த இயந்திரத்தில் வேலை செய்தாலும் அதன் கைப்பிடியில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிடுவார். சிவப்புப் பூட்டு. சாவி அவர் சட்டைப்பைக்குள். அவராகத் திறக்கும் வரை அந்த இயந்திரத்தை யாராலும் அசைக்க முடியாது.

லூபோக் சீனா பக்கம் இருந்த ஒரு செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஆலையிலிருந்து ஒருநாள் அழைப்பு வந்தது. அந்த ஆலையின் மேனேஜர் கணேசன். "மிஸ், இரண்டாம் நம்பர் ஸ்டெரிலைசர் கதவு மழை வந்தா திறக்க மாட்டேங்குது. ஒயர்ல தண்ணி போவுது போல. ஆள் அனுப்புங்க லா" என்றார். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியை வைத்தது நாங்கள் இல்லை. வைத்தவர்கள் தொழிலை விட்டே போய்விட்டார்கள். மிஸ் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

செம்பனை ஆலையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்டி வந்த பழக்குலைகளை முதலில் நீராவியில் வேகவைக்க வேண்டும். அதற்குத்தான் ஸ்டெரிலைசர். படுக்க வைத்த பெரிய இரும்பு உருளை, உள்ளே தண்டவாளம், ஒரு ஆள் உயரத்துக்கும் மேல் வட்டக் கதவு. குலை நிரம்பிய கூண்டு வண்டிகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி நீராவியை ஏற்றுவார்கள். வெந்ததும் நீராவியை வெளியேற்றி, அழுத்தம் முழுக்கப் போய்விட்டது என்று உறுதியான பின்தான் கதவைத் திறக்க வேண்டும். உள்ளே கொஞ்சம் நீராவி மிச்சமிருக்கும்போது திறந்தால், அந்தக் கதவு எதிரில் நிற்பவரை உயிரோடு விடாது. அதனால் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதை இழுத்தால் முதலில் ஒரு சிறு குழாய் திறக்கும், மிச்ச நீராவி இருந்தால் அதன் வழியாகச் சீறிக் காட்டிக்கொடுக்கும். அதன்பிறகே கதவின் வளையம் சுழலும். அந்த நெம்புகோலையே ஒரு மின்பூட்டு பிடித்துக்கொண்டிருக்கும். அழுத்தம் இறங்கியது என்று கட்டுப்பாட்டுப் பெட்டி சொன்னால்தான் பூட்டு விடும்.

அந்தப் பூட்டுதான் மழைக்கு முரண்டு பிடித்தது.

ஸ்டெரிலைசர் ஓட்டுபவர் தனபாலன் அண்ணன். ஒல்லியான ஆள், கழுத்தில் எப்போதும் ஈரத்துண்டு. எங்களைப் பார்த்ததும் மளமளவென்று சொன்னார்.

"தங்கச்சி, நீயே பாரு. ஸ்கிரீன்ல சைபர். இந்தப் பழைய முள்ளு மீட்டர்லயும் சைபர். ஆனா பூட்டு மட்டும் 'அழுத்தம் அதிகம், அழுத்தம் அதிகம்'னு சிவப்பு லைட்டு போடுது. மழை பேஞ்சா மட்டும்தான் இந்தக் கூத்து."

"பூட்டு திறக்காட்டி என்ன செய்வீங்க அண்ணே?"

அவர் மேனேஜரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு ஒரு துண்டு ஒயரை எடுத்துக் காட்டினார். இரண்டு முனையிலும் கொக்கி வளைத்திருந்தது. அதைப் பெட்டிக்குள் இரண்டு இடத்தில் மாட்டினால் பூட்டு தன் பாட்டில் விட்டுவிடும். அழுத்தம் இருந்தாலும் விடும், இல்லாவிட்டாலும் விடும்.

மிஸ் அந்த ஒயரை வாங்கிச் சுருட்டித் தன் கைப்பையில் போட்டார். பிறகு சிவப்புப் பூட்டை எடுத்து நெம்புகோலில் மாட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மேனேஜர் பதறிவிட்டார். "மிஸ், மிஸ்! லாரி எல்லாம் மெயின் ரோடு வரைக்கும் நிக்குது. பழம் அழுகிடும். மத்த ரெண்டு ஸ்டெரிலைசர வச்சி எப்படி ஓட்டுறது?"

"ஓட்ட ஏலாதெண்டால் ஓட்ட வேண்டாம்."

"சைபர்னு தெரிஞ்சுதான் மிஸ் ஒயர் போடுறோம். ஆளுங்க என்ன முட்டாளா?"

"இண்டைக்குச் சைபர் எண்டு பார்த்துப் போடுவினம். பழகினாப் பிறகு பாராமலும் போடுவினம்." மிஸ்ஸின் குரல் உயரவே இல்லை. "உமக்கு அவசரம் எண்டால் என்ட பூட்டை அறுத்துப்போட்டுச் செய்யும். நான் தடுக்க மாட்டன். உம்மட ஆக்களைக் கதவுக்கு முன்னாலை நிப்பாட்ட முந்தி நீர் போய் நில்லும்."

மேனேஜர், நாளை மாலைக்குள் சரியாகவில்லை என்றால் வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மெயின் ரோட்டில் லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பது எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒயரில் தண்ணீர் போகிறதா என்று நான் ஒவ்வொரு இணைப்பையும் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் சருகுபோலக் காய்ந்து கிடந்தன. அழுத்தத்தை அளக்கும் உணர்கருவி புதியது. பழையது கெட்டுப்போனதால் மாற்றியிருந்தார்கள். மற்ற இரண்டு ஸ்டெரிலைசரிலும் பழைய கருவியே. இது எனக்கு உறுத்தியது, ஆனால் அதற்கும் மழைக்கும் என்ன உறவு என்று பிடிபடவில்லை. மழை வந்தால் பார்க்கலாம் என்று காத்திருந்தோம். வானம் பளிச்சென்று இருந்தது. ஒரு துளி விழவில்லை.

மறுநாள் காலையிலும் வெயில் கொளுத்தியது. நான் மேலே பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த ஆலையில் கூரை பாதி வரைதான். ஸ்டெரிலைசரின் பின்பாதி வெட்டவெளியில் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் போர்த்தியிருந்த தகடு அங்கங்கே பிய்ந்திருந்தது. எனக்குச் சட்டென்று தோன்றியது.

"மிஸ், மழை வராட்டி நாம வரவைப்போம்!"

மிஸ் என்னைப் பார்த்தார். "எப்பிடி?"

"தண்ணிக் குழாய் இருக்குல்ல?"

தனபாலன் அண்ணன் தீயணைப்புக் குழாயை இழுத்து வர ஓடினார். மிஸ் அவரைத் தடுத்தார். "வேண்டாம். சுட்ட இரும்பிலை அப்பிடி அடிக்கக்கூடாது. மழை எவ்வளவு ஊத்துமோ அவ்வளவுதான் ஊத்த வேணும்." கடைசியில் நாற்றுக்குத் தண்ணீர் தெளிக்கும் பூவாளி முனையைத் தோட்ட ஆபீசிலிருந்து வாங்கி வந்து ரப்பர் குழாயில் பொருத்தினோம்.

மிஸ் தன் பூட்டைக் கழற்ற, ஒரு சுமை குலையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினோம்; அவர் மறுபடி பூட்டை மாட்டியபின் வேகவைத்தோம். வெந்தது. நீராவி வெளியேறியது. வெளியேற்றும் வால்வு தானாக மூடிக்கொண்டது. நான் மடிக்கணினியைப் பெட்டியில் மாட்டிக்கொண்டு ஒரு பெயின்ட் டின் மேல் உட்கார்ந்தேன்.

"முதல்ல ஒயர் மேல ஊத்துங்க அண்ணே!"

ஊற்றினார். ஒன்றும் ஆகவில்லை. பூட்டுக்குப் பச்சை விளக்கு. பெட்டி மேல் ஊற்றினார். பச்சை. பூட்டின் மேலேயே ஊற்றினார். பச்சை. மேனேஜரும் வந்து நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ பின்னால, அந்தத் தகடு இல்லாத இடத்துல ஊத்துங்க. ஒயர்ல ஒரு சொட்டு படக்கூடாது."

தனபாலன் அண்ணன் பின்பக்கம் போய் ஊற்றினார். இரும்பு புஸ்ஸென்று ஆவி விட்டது. அவரே அந்த ஆவிக்குள் மறைந்துபோனார். நான் கண்ணை எடுக்காமல் விளக்கையே பார்த்தேன். பச்சை. பச்சை. பச்சை.

சிவப்பு!

"நிக்குது! மாட்டிக்கிச்சு!" என்று நான் கத்தியே விட்டேன். வெறும் இரும்பு நனைந்ததற்கு மின்பூட்டு ஏன் கோபித்துக்கொள்கிறது? திரையில் சைபர். முள் மீட்டரில் சைபர். நான் மடிக்கணினியில் பெட்டியின் அடிவயிற்றுக்குள் போனேன். திரைக்கு அலங்கரித்து அனுப்புவதற்கு முன்னால் உணர்கருவி தரும் மூல எண், நூறு சேர்ந்தால் ஒரு பார் அழுத்தம் என்ற கணக்கில், அங்கேதான் இருக்கும். இருந்தது.

"படியும்" என்றார் மிஸ்.

"அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று இருபத்தாறு!"

"அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று இருபத்தாறு" என்று மிஸ் திருப்பிச் சொன்னார்.

ஒரு கணம்தான். அந்தப் பதினாறு வட்டமும் என் கண்முன்னே எரிந்தன. பதினாறு விளக்கால் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு; அதற்குப் பத்து குறைவு! நான் டின்னை உதைத்துக்கொண்டு எழுந்தேன்.

"மிஸ், மைனஸ் பத்து! இது மைனஸ் பத்து மிஸ்!"

மேனேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன லா மைனஸ்?"

"சார், லாரி மீட்டர் தெரியும்தானே? எல்லாம் சைபர்ல இருக்கு. பின்னால ஒரு சுத்து சுத்துனா என்ன வரும்?"

"எல்லாம் ஒன்பதா வரும். பழைய லாரி விக்கிறவன் சுத்துவானே."

"அதேதான் சார்! கன்ட்ரோலருக்கு மைனஸ் போட இடம் கிடையாது. சைபருக்குக் கீழ ஒண்ணு இறங்கினா மீட்டர் உருண்டு உச்சிக்குப் போயிடும். அறுபத்தையாயிரத்து ஐந்நூத்து முப்பத்தஞ்சு. அதைப் பெரிய எண்ணுன்னும் படிக்கலாம், மைனஸ் ஒண்ணுன்னும் படிக்கலாம். படிக்கிறவன் எப்படிப் படிக்கிறான்னுதான் விஷயம். பூட்டைப் பார்த்துக்கிற நிரல் பெரிய எண்ணுன்னு படிக்குது. உள்ள பிரளயமே இருக்குன்னு நினைச்சிக்குது!"

"அப்ப ஸ்கிரீன்ல ஏன் சைபர்?"

"திரைக்கு எழுதினவர் சைபருக்குக் கீழ எது வந்தாலும் சைபர்னு காட்டச் சொல்லியிருக்கார். முள்ளு மீட்டருக்குச் சைபர்ல ஒரு ஆணி இருக்கு, அது அதுக்குக் கீழ போகவே முடியாது."

மழையின் வேலை இதுதான். நீராவியை வெளியேற்றி வால்வு மூடிய பிறகு, சாதாரண நாளில் உடனே நெம்புகோலை இழுத்துவிடுவார்கள். மழை நாளில் கூண்டு வண்டியை இழுக்கும் ஆட்கள் கூரைக்குள் ஒதுங்கி நிற்பார்கள். அந்த நேரத்தில் நனைந்த இரும்பு குளிர்ந்து, உள்ளே மிச்சமிருக்கும் நீராவி தண்ணீராகிச் சுருங்கிவிடும். உருளைக்குள் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைந்துபோகும். பழைய உணர்கருவிக்குச் சைபருக்குக் கீழே அளக்கவே தெரியாது, அதனால் தொல்லை வரவில்லை. புதியதற்குத் தெரியும். நல்ல கருவியை வாங்கிப் போட்டதால் வந்த வினை!

மேனேஜர் முகத்தில் இன்னும் சந்தேகம். மிஸ் அவரிடம், "வெளியேத்திற வால்வை மெல்லமாத் திறவும். மெல்லமா" என்றார். வெளிக்காற்று உள்ளே புகுந்தால் எண் சைபருக்கு ஏறும் என்பது அவர் கணக்கு. மேனேஜரே போய்ச் சக்கரத்தைத் திருகினார். நான் எண்ணை உரக்கப் படித்தேன்.

"ஐந்நூத்து இருபத்தெட்டு... முப்பத்தொண்ணு... முப்பத்துமூணு... முப்பத்துநாலு... முப்பத்தஞ்சு..."

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"சைபர்!"

சொல்லி முடிக்கவும் பூட்டு 'டக்' என்று விட்டது. பச்சை விளக்கு. தனபாலன் அண்ணன் கையிலிருந்த குழாயை அப்படியே மேலே தூக்கிவிட்டார். எங்கள் எல்லார் தலையிலும் மழை. மேனேஜர் நனைந்த சட்டையோடு வாய்விட்டுச் சிரித்தார்.

நிரலில் ஒரே ஒரு இடத்தைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. அழுத்தத்தை ஒப்பிடும்போது மைனஸையும் மைனஸாகவே படி என்று சொல்ல வேண்டும். மாற்றி ஏற்றினேன். மறுபடியும் வேகவைத்தோம், மறுபடியும் ஊற்றினோம். மைனஸ் பத்தில் மின்பூட்டு சமர்த்தாக விட்டது. கைதட்டல். மேனேஜர், "இனி உங்க பூட்டை எடுங்க மிஸ்" என்று கைநீட்டினார்.

மிஸ் முதுகுக்குப் பின்னால் கட்டிய கையை எடுக்கவில்லை.

"பிறகு?" என்றார் என்னைப் பார்த்து.

எனக்குக் கோபம்கூட வந்தது. இதற்குமேல் என்ன பிறகு? முதலில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கன்டீனுக்குப் போனேன். அதற்குள் மிஸ் அதே சுமைக்கு மறுபடியும் நீராவி ஏற்றச் சொல்லியிருந்தார். மிஸ்ஸின் பூட்டு நெம்புகோலிலேயே தொங்கியது. தனபாலன் அண்ணனும் என்னுடன் வந்து, மீ கோரேங் நூடுல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடு தங்கச்சி. நீ கண்டுபிடிச்சது பெரிய விஷயம் லா. நாங்க எலிதான் ஒயரைக் கடிச்சிடுச்சோன்னு நினைச்சோம். இங்க எலி ரொம்ப அட்டகாசம், பழம் தின்னு தின்னு பூனை மாதிரி இருக்கு. போன மாசம் முதல் நம்பர் லைட்டு ஒயரை ரெண்டாக் கடிச்சிப் போட்டுச்சு."

முள்கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது.

எலி. ஒயர் இரண்டாக அறுந்தால்? சைபர் அழுத்தத்திலும் கொஞ்சம் மின்சாரம் அனுப்பும் உணர்கருவியிலிருந்து மின்சாரமே வராது. மின்சாரம் வராவிட்டால் பெட்டி என்ன எண்ணைப் போடும்? அளவின் அடிமட்டத்துக்கும் கீழே போகும். நான் மேசை மேலேயே விரலால் கணக்குப் போட்டேன். மைனஸ் முந்நூற்று ஐம்பது. பழைய நிரல் அதை ஏதோ ராட்சத எண் என்று நினைத்துப் பூட்டைப் பிடித்துக்கொள்ளும். நான் இப்போது ஏற்றியிருக்கும் நிரல்? மைனஸ் முந்நூற்று ஐம்பது, ரொம்பக் குறைவு, அழுத்தமே இல்லை, கதவைத் திறக்கலாம் என்று சொல்லும். உள்ளே நீராவி முழு வேகத்தில் இருந்தாலும் சொல்லும்!

தட்டை விட்டுவிட்டு ஓடினேன். தனபாலன் அண்ணன் என்ன ஏது என்று தெரியாமலே என் பின்னால் ஓடி வந்தார்.

மிஸ் கதவுக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தார். எதிரில் யாரும் நிற்காதபடி கயிறு கட்டி வைத்திருந்தார்.

"மிஸ், உணர்கருவி ஒயரைக் கழட்டணும். இப்பவே. நீராவி உள்ள இருக்கும்போதே."

மிஸ் நெம்புகோலில் தன் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். மேனேஜரைக் கூப்பிட்டார். நான் பெட்டியைத் திறந்து திருகாணியைத் தளர்த்தி ஒயரை வெளியே உருவினேன்.

'டக்.'

பச்சை விளக்கு.

முள் மீட்டர் மூன்று பார் என்று காட்டிக்கொண்டிருந்தது. உருளைக்குள் நீராவி இரைவது காதில் விழுந்தது. மின்பூட்டு கதவைத் திறக்கச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்புப் பூட்டு ஒன்றுதான் நெம்புகோலைப் பிடித்து நின்றது. தனபாலன் அண்ணன் தன்னை அறியாமல் கயிற்றிலிருந்து இரண்டடி பின்னால் போனார்.

"அப்ப... இத்தனை நாளா அந்தத் தப்புதான் எங்களைக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாண்ணே. நாம திருத்தினதும் காவல் போயிடுச்சு."

எனக்குப் பயம் பாதி. மீதி, சத்தியமாகச் சொல்கிறேன், பரவசம்! ஒரே எண், ஒரே பதினாறு விளக்கு. ஒருவிதமாகப் படித்தால் ஆலை நின்றுபோகிறது, இன்னொரு விதமாகப் படித்தால் ஆள் செத்துப்போகிறான். அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"மிஸ், காத்தை முழுசா உறிஞ்சி எடுத்தாலும் எந்தப் பாத்திரத்துக்குள்ளும் மைனஸ் நூத்தி ஒண்ணுக்குக் கீழ போகாது. மைனஸ் முந்நூத்தி ஐம்பதுன்னு ஒரு அழுத்தமே உலகத்துல கிடையாது. அது எண்ணே இல்லை, ஒயர் அறுந்த சேதி. அதனால ரெண்டு பக்கமும் வேலி போடுறேன். சைபருக்குப் பக்கத்துல இருந்தா மட்டும் பூட்டு விடட்டும். அதுக்கு மேல போனாலும் பூட்டு, ரொம்பக் கீழ போனாலும் பூட்டு."

"எவ்வளவு கீழை?"

"மைனஸ் ஐம்பது."

"மைனஸ் ஐம்பது" என்று மிஸ் திருப்பிச் சொன்னார். "எழுதும்."

பெயின்ட் டின் மேல் உட்கார்ந்து எழுதினேன். ஏற்றினேன். ஒயரை உருவினேன். சிவப்பு. மாட்டினேன். மூன்று பார் நீராவி, சிவப்பு. மேனேஜர், "நான் உருவிப் பாக்குறேன்" என்று வாங்கிச் செய்தார். சிவப்பு. தனபாலன் அண்ணனும் உருவினார். சிவப்பு. அவர் மறுபடியும் உருவினார், சும்மா ஆசைக்கு. திரையிலும் இனிமேல் மைனஸை மறைக்காமல் காட்டச் சொல்லி மாற்றினேன்.

பழம் வெந்து நீராவி வெளியேறும்போது, யாரும் கூப்பிடாமலே மழை வந்தது. அந்தப் பக்கத்து மழை, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் ஒரேயடியாகக் கொட்டியது. கூரைத் தகரம் அதிர்ந்தது. யாரும் ஒதுங்கவில்லை. திரையில் எண் இறங்கியது. மைனஸ் மூன்று. மைனஸ் ஏழு. மைனஸ் பன்னிரண்டு. பச்சை விளக்கு எரிந்தது.

மிஸ் சாவியை எடுத்துச் சிவப்புப் பூட்டைத் திறந்தார். கயிற்றை அவிழ்த்தார்.

"வாரும் மல்லிகா. முதல் தரம் திறக்கேக்கை நாங்கள் ரெண்டு பேரும் முன்னாலை நிப்பம்."

போய் நின்றோம். தனபாலன் அண்ணன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு நெம்புகோலை இழுத்தார். இத்தனை வருஷமாக அந்தச் சிறு குழாய் அவரைப் பார்த்துச் சீறித்தான் பழக்கம். அன்று வேறு சத்தம். வெளியே வராமல் உள்ளே போகும் சத்தம், யாரோ ஆழமாக மூச்சு இழுப்பதுபோல. அவர் தயங்கித் தயங்கி உள்ளங்கையைக் குழாய் வாயில் வைத்தார்.

"தங்கச்சி! இழுக்குது! கையை இழுக்குது!"

அவர் கையை எடுத்ததும் நான் வைத்தேன். பதினாறு வட்டமாகக் கரும்பலகையில் பார்த்தது, விரல் மடக்கிப் பஸ்ஸில் எண்ணியது, திரையில் ராட்சதனாக நின்றது, இப்போது என் உள்ளங்கைத் தோலைப் பிடித்து மெல்ல உறிஞ்சியது. நான் சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டே, "மைனஸ், மிஸ், மைனஸ்!" என்று கத்தினேன்.

மிஸ் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கையைப் பிரித்தார். மணிக்கட்டில் திருப்பிக் கட்டிய கடிகாரம் மழைச்சாரலில் நனைய, தன் உள்ளங்கையைக் குழாய் வாயில் பொத்தி வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"ஓம்," என்று ஆமோதித்தார். "இழுக்குது."

அன்று அதன்பின் அவர் "பிறகு?" என்று கேட்கவில்லை.